சில தளங்கள் மட்டும் திறக்காதபோது

வீட்டில் இணையம் முழுவதுமாக நின்றுபோனால் எங்கே பார்ப்பது என்பதில் பெரிய குழப்பம் இருப்பதில்லை. மின்சாரம் இருக்கிறதா, கம்பி சரியாகச் செருகியிருக்கிறதா, ரூட்டரின் விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று பார்த்துவிட்டுச் சேவை நிறுவனத்தை அழைத்துவிடலாம். மற்ற தளங்கள் எல்லாம் வழக்கம்போல் திறக்க, குறிப்பிட்ட சில மட்டும் திறக்காமல் போவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கோளாறு. சேவை நிறுவனத்தைக் கேட்டால் இணைப்பு நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். தளத்தை நடத்துபவர்களைக் கேட்டால் எங்கள் பக்கம் எந்தக் குறையும் இல்லை என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம்.

ஆனால் ஒன்று: முழுக் கோளாற்றைவிட இத்தகைய பகுதிக் கோளாறு நமக்கு அதிகம் சொல்லித் தருகிறது. ஒரே கணினி, ஒரே ரூட்டர், ஒரே கம்பி ஆகியவற்றின் வழியாக ஒரு தளம் திறக்கிறது, இன்னொன்று திறக்கவில்லை என்றால் அவ்விரண்டுக்கும் இடையே எங்கோ ஒரு வேறுபாடு இருந்தே ஆக வேண்டும். அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதுதான் கோளாற்றைக் கண்டுபிடிப்பது. ரூட்டரை அணைத்துப் போடுங்கள், தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள், தளப் பெயருக்கு எண் முகவரி தரும் டிஎன்எஸ்ஸை மாற்றிப் பாருங்கள் என்று எடுத்த எடுப்பில் சொல்லப்படும் அறிவுரைகளில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவே காரணம். அவை சில வேளைகளில் பலன் தரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மூன்றையும் ஒருசேரச் செய்துவிட்டால், சரியானது எதனால் என்று தெரியாது. சரியாகாவிட்டாலோ, தொடக்கத்தில் இருந்த தடயங்களும் அழிந்திருக்கும்.

என் வீட்டில் இணைப்பு புதிய முறைக்கு மாற்றப்பட்டு, புதிய ரூட்டர் வைக்கப்பட்ட பிறகு இந்தத் தொல்லை தொடங்கியது. தேடுபொறி, மின்னஞ்சல், காணொளித் தளங்கள் ஆகியவை முன்பைவிட விரைவாகத் திறந்தன. ஒரு வங்கியின் தளம், ஒரு நூலகத்தின் பட்டியல் பக்கம், நான் வேலைக்காகப் பயன்படுத்தும் மென்பொருளைத் தரவிறக்கும் தளம் ஆகியவை மட்டும் திறக்கவில்லை. கைபேசியின் தரவு இணைப்பில் அதே தளங்கள் உடனே திறந்ததால், தளங்கள் படுத்துவிடவில்லை என்பது உறுதியாயிற்று. வீட்டு வைஃபையில் மடிக்கணினி, கைபேசி, டேப்லெட் ஆகிய எதிலும் அவை திறக்காததால் தனிப்பட்ட ஒரு கருவியில் கோளாறு இல்லை என்பதும் உறுதியாயிற்று. இவ்விரண்டு சோதனைகளும் சில நிமிடங்களில் முடிபவை. தேட வேண்டிய பரப்பைப் பாதியாகக் குறைப்பவை. ஆயினும் பலர் இவற்றைச் செய்யாமலேயே ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள்.

அடுத்து, உலாவி காட்டும் பிழைச் செய்தியை நின்று படிக்க வேண்டும். திறக்கவில்லை என்று நாம் பொதுவாகச் சொல்வதை உலாவி பல வகைகளாகப் பிரித்தே சொல்கிறது. தளத்தின் முகவரியைக் கண்டறிய முடியவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் கட்டத்திலேயே வேலை நின்றுவிட்டது. இணைப்பு மறுக்கப்பட்டது என்றால், மறுமுனையிலோ இடைவழியிலோ ஒரு கருவி நம் கோரிக்கையைப் பெற்றுத் திருப்பி அனுப்பியிருக்கிறது. நேரம் கடந்துவிட்டது என்றால் எங்கிருந்தும் பதிலே வரவில்லை. இணைப்பு மீட்டமைக்கப்பட்டது என்றால் தொடங்கிய உரையாடலை யாரோ இடையில் வெட்டியிருக்கிறார்கள். தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் பற்றி எச்சரிக்கை வந்தால் பாதை முழுவதும் சரியாக இருக்கிறது, அடையாளச் சோதனையில்தான் தடை. 403 என்ற எண்ணுடன் ஒரு பக்கம் வந்தால் வலையமைப்பில் எந்தக் குறையும் இல்லை. தளமே நம்மை உள்ளே விடவில்லை.

என் வீட்டில் தோன்றியது இவற்றுள் எதிலும் எளிதில் சேராத வகை. பாதுகாப்பான இணைப்பு ஏற்படுத்தப்படுகிறது என்ற வரி கீழே தோன்றும். பிறகு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். நெடுநேரம் கழித்துத்தான் நேரம் கடந்துவிட்டது என்ற செய்தி வரும். இந்த நீண்ட மௌனத்துக்கு ஒரு பொருள் உண்டு. ஆனால் அதற்குச் செல்லும் முன் பெயர், பாதை ஆகிய முதல் இரண்டு கட்டங்களையும் முறையாக விலக்கிவிட வேண்டும்.

தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் முறையைப் பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்தார். அன்று முதல் இணையக் கோளாறுகளின் முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழுகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. சோதிப்பது எளிது. என்எஸ்லுக்அப் என்ற கட்டளையில் தளத்தின் பெயரைக் கொடுத்து, முதலில் ரூட்டரிடமும் பிறகு 1.1.1.1 அல்லது 8.8.8.8 போன்ற பொதுச் சேவை ஒன்றிடமும் கேட்டு, இரண்டு பதில்களையும் ஒப்பிட வேண்டும். அப்படி ஒரு பெயரே இல்லை என்று ரூட்டர் சொல்லி, பொதுச் சேவை முகவரியைத் தந்தால் கோளாறு பெயர்க் கட்டத்தில் இருக்கிறது. 0.0.0.0 என்ற பதில் வந்தால் அது பெரும்பாலும் வடிகட்டியின் வேலை: விளம்பரத் தடுப்புக்காக நாமே நிறுவிய மென்பொருள், குழந்தைகளுக்காக ரூட்டரில் இயக்கிய கட்டுப்பாடு, அல்லது பெயர்களுக்கு நாமே முகவரி எழுதிவைக்கும், கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் என்றோ எழுதி மறந்த ஒரு வரி. வீட்டில் உள்ள விளம்பரத் தடுப்புப் பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வகையாக இருந்தால் நேற்றுத் திறந்த தளம் இன்று திறக்காமல் போவதில் வியப்பே இல்லை.

இரண்டு பதில்களும் வெவ்வேறாக இருப்பதாலேயே ஒன்று பொய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெரிய தளங்கள் உலகின் பல இடங்களில் உள்ள சர்வர்களிலிருந்து இயங்குவதால், கேட்பவரைப் பொறுத்து முகவரி மாறுவது இயல்பு. இன்னொரு பொறியும் உண்டு. இன்றைய உலாவிகள் சில, கணினியின் டிஎன்எஸ் அமைப்பைக் கேட்காமல், மறைகுறியாக்கப்பட்ட இணைப்பின் வழியே தமக்கென ஒரு பெயர்ச் சேவையைப் பயன்படுத்துகின்றன. ஆண்ட்ராய்டு 9 முதல் கைபேசிகளிலும் தனிப்பட்ட டிஎன்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. எனவே கட்டளைச் சாளரத்தில் கிடைக்கும் பதிலும் உலாவி உண்மையில் பயன்படுத்தும் பதிலும் வேறாக இருக்கக்கூடும். அந்த அமைப்பைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுச் சோதிப்பதே நல்லது.

டிஎன்எஸ் பிழை என்று திரையில் வந்தாலும் தவறு டிஎன்எஸ்ஸில்தான் என்று பொருளாகாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றபோது, பயனர்களுக்குத் தெரிந்தது பெயரைக் கண்டறிய முடியவில்லை என்ற செய்திதான். உண்மையில் அந்நிறுவனத்தின் பெயர்ச் சர்வர்களுக்குச் செல்லும் பாதைகள் இணையத்தின் வழித்தட அறிவிப்புகளிலிருந்தே விலக்கப்பட்டிருந்தன. பெயரைச் சொல்ல வேண்டியவரைச் சென்றடைய வழியில்லாததால் பெயரும் கிடைக்கவில்லை. அன்று தம் வீட்டு ரூட்டரை மீட்டமைத்தவர்கள் எத்தனை பேரோ!

என் வீட்டில் ரூட்டரும் பொதுச் சேவையும் திறக்காத தளங்களுக்கு ஒரே முகவரியையே தந்தன. ஆகவே பெயர்க் கட்டம் விலகியது.

அடுத்தது பாதை. இங்கே, ஒரு கருவிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். பல தளங்கள் பிங்குக்கு வேண்டுமென்றே பதில் தருவதில்லை. பதில் வராததால் தளம் எட்டவில்லை என்று கொள்ள முடியாது. இடைவழி ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையில் வரும் நட்சத்திரக் குறிகளும் அப்படியே: நடுவில் ஒரு ரூட்டர் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள், பாதை அங்கே அறுந்துவிட்டது என்பதன்று. தளம் உண்மையில் பயன்படுத்தும் 443 என்ற துறைமுக எண்ணுக்கு, அதாவது சர்வரில் அச்சேவைக்கான வாசலுக்கு, இணைப்பு கிடைக்கிறதா என்று நேரடியாகச் சோதிப்பதுதான் பொருளுள்ள சோதனை. அதற்குக் கர்ல் என்ற சிறிய நிரலை விரிவான செய்திகளைக் காட்டச் சொல்லி இயக்கினால் போதும். ஒவ்வொரு கட்டமும் எங்கே முடிந்தது, எங்கே நின்றது என்பதை வரிவரியாகச் சொல்லிவிடும்.

பாதைக் கட்டத்தில் வீட்டுக்குள்ளேயே உண்டாகக்கூடிய ஒரு கோளாறு அதிகம் பேசப்படுவதில்லை. வீட்டு வலையமைப்புகளுக்கென்று சில முகவரித் தொகுதிகள் 1996ஆம் ஆண்டின் ஒரு தர ஆவணத்தில் ஒதுக்கப்பட்டுள்ளன. 192.168 என்று தொடங்குவது எல்லாருக்கும் தெரியும். 172 என்று தொடங்கும் தொகுதியில் 172.16 முதல் 172.31 வரைதான் நமக்கு உரியது. யாரேனும் அறியாமல் வீட்டுக்கு 172.32 என்று தொடங்கும் முகவரியைக் கொடுத்துவிட்டால், இணையத்தில் அதே எண்களைச் சட்டப்படி வைத்திருக்கும் தளங்கள் அந்த வீட்டுக்கு மட்டும் மறைந்துவிடும். கணினி அவற்றைப் பக்கத்து அறையில் தேடிக்கொண்டிருக்கும். 2018 ஏப்ரலில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 1.1.1.1 என்ற சேவையைத் தொடங்கியபோது சில வீட்டு ரூட்டர்களிலிருந்து அதை எட்ட முடியாமல் போனதும் இதே வகைதான்: யாரும் பயன்படுத்தாத எண் என்று கருதி அந்த ரூட்டர்களின் தயாரிப்பாளர்கள் அதைத் தம் உள்வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பாதையைப் பற்றிப் பேசும்போது ஐபிவி6ஐத் தவிர்க்க இயலாது. இன்று பல வீடுகளில் பழைய முகவரி முறையான ஐபிவி4, புதிய முறையான ஐபிவி6 ஆகிய இரண்டும் அருகருகே இயங்குகின்றன. சில தளங்கள் இரண்டிலும் கிடைக்கும், சில ஒன்றில் மட்டும். புதிய முறை அரைகுறையாக வேலை செய்தால், அதைப் பயன்படுத்தும் தளங்கள் மட்டும் தடுமாறும். இதைச் சமாளிக்க உலாவிகள் முதலில் ஐபிவி6ஐ முயன்று, கால் நொடி அளவில் பதில் வராவிட்டால் ஐபிவி4ஐயும் முயன்று, முதலில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்கின்றன. 2017இல் வெளியான தர ஆவணம் பரிந்துரைக்கும் இடைவெளி 250 மில்லிநொடி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தப் போட்டி, இணைப்புத் தொடங்குவதை மட்டுமே அளக்கிறது. இணைப்புக் கிடைத்துவிட்டு அதன் பிறகு தரவு நின்றுபோனால் உலாவி பெரும்பாலும் மாற்று வழிக்குத் திரும்புவதில்லை. கர்ல் கட்டளையில் கழித்தல் குறியுடன் 4 என்றோ 6 என்றோ சேர்த்து இரண்டு முறைகளையும் தனித்தனியே சோதிக்கலாம். ஐபிவி6ஐ அணைத்துவிடுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. நோயைக் கண்டறியத் தற்காலிகமாக அணைப்பது சரி, அதையே மருந்தாக வைத்துக்கொள்வது எனக்கு ஏற்புடையதன்று.

என் வீட்டில் திறக்காத தளங்களுக்கும் 443இல் இணைப்பு நொடிப் பொழுதில் கிடைத்தது. கணினி தன் முதல் வணக்கச் செய்தியை அனுப்பியது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. சுழலும் வட்டத்துக்குப் பின்னால் இருந்தது இந்த மௌனம்தான், வீட்டு வலையமைப்புக் கோளாறுகளில் மிகவும் சுவையானதும் மிகவும் தவறாகக் கணிக்கப்படுவதுமான ஒன்றன் அடையாளம் இது: பொட்டலத்தின் அளவு.

இணையத்தில் தரவு சிறு பொட்டலங்களாகப் பயணம் செய்கிறது. ஈதர்நெட் வழியில் ஒரு பொட்டலம் அதிகபட்சம் 1500 பைட்டு இருக்கலாம். இதை எம்டியு என்கிறோம். சேவை நிறுவனங்கள் பல, பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து இணைப்பதற்காகப் பிபிபிஓஇ என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. 1999இல் ஆவணப்படுத்தப்பட்ட இம்முறை ஒவ்வொரு பொட்டலத்திலும் தனக்கென 8 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் நமக்கு மிஞ்சுவது 1492. அந்த எட்டு பைட்டுகளால்தான் ஒரு வங்கித் தளம் திறக்காமல் போகிறது என்றால் நம்புவதற்குச் சற்றுக் கடினம். ஆனால் நடப்பது இதுதான்.

என் மடிக்கணினிக்கு எட்டியது வீட்டு வைஃபை மட்டுமே; அதற்கு அப்பால் வழி குறுகுகிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே இணைப்பைத் தொடங்கும்போது, ஒரு துண்டில் 1460 பைட்டு வரை அனுப்பலாம் என்று அது தளத்திடம் அறிவிக்கிறது. பொட்டலத்தின் முன்னால் சேரும் குறிப்புகளில் ஐபிவி4இன் தலைப்புக்கு 20, தரவைத் துண்டுகளாக்கி அனுப்பும் டிசிபி நெறிமுறையின் தலைப்புக்கு 20 சேர்த்தால் 1500 ஆகிவிடும். தளத்தின் சர்வர் அதை நம்பி 1500 பைட்டுப் பொட்டலங்களை, இவற்றைப் பிரிக்கக் கூடாது என்ற குறியுடன் அனுப்புகிறது. சேவை நிறுவனத்தின் எல்லைக் கருவியை அடைந்ததும் அவை குறுகிய வழியில் நுழைய முடியாமல் கைவிடப்படுகின்றன. அப்போது அந்தக் கருவி, அளவு பெரிது, 1492ஆகக் குறைத்து அனுப்பு என்று, கருவிகள் பிழைகளைத் தெரிவிக்கும் ஐசிஎம்பி முறையில் ஒரு செய்தியைச் சர்வருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பாதையின் அளவை இவ்வாறு கண்டறியும் முறை 1990இலேயே வகுக்கப்பட்டது. ஆனால் ஐசிஎம்பி என்றாலே ஆபத்து என்று கருதும் நிர்வாகிகள் தம் பாதுகாப்புத் தடுப்பான ஃபயர்வாலில் அச்செய்தியை அடியோடு தடுத்துவிடுகிறார்கள். சர்வர் எதையும் அறியாமல் அதே பெரிய பொட்டலத்தை மறுபடி மறுபடி அனுப்புகிறது. அது மறுபடி மறுபடி காணாமல் போகிறது. 2000ஆம் ஆண்டின் தர ஆவணம் ஒன்று இதைக் கருந்துளை என்றே குறிப்பிடுகிறது.

இனி அடையாளங்கள் எல்லாம் பொருந்தி வருவதைப் பார்க்கலாம். இணைப்பைத் தொடங்கும் பொட்டலங்கள் மிகச் சிறியவை. அவை தடையின்றிச் செல்கின்றன. முதல் வணக்கமும் பெரும்பாலும் செல்கிறது. அதற்குப் பதிலாகச் சர்வர் அனுப்பும் சான்றிதழ்த் தொடர் சில ஆயிரம் பைட்டுகள் கொண்டது. அதுதான் முதல் முழு அளவுப் பொட்டலம், அதுதான் விழுங்கப்படுகிறது. ஐசிஎம்பியைத் தடுக்காத தளங்கள் உடனே அளவைக் குறைத்துக்கொள்வதால் பிழைக்கின்றன. சில பெரிய தளங்கள் முன்னெச்சரிக்கையாகத் தொடக்கத்திலிருந்தே சிறிய துண்டுகளை அனுப்புவதால் பிழைக்கின்றன. இன்னும் சில, ஹெச்டிடிபி3 என்ற புதிய வலை நெறிமுறை வழியாக, டிசிபிக்கு மாற்றான யுடிபியில் பேசுவதால் பிழைக்கின்றன. அதற்கு அடிப்படையான குவிக் நெறிமுறை, 1200 பைட்டுப் பொட்டலங்களைச் சுமக்கும் பாதை இருந்தால் போதும் என்று வடிவமைக்கப்பட்டது. மூன்று பாதுகாப்புகளும் இல்லாத தளங்கள்தான் என் பட்டியலில் மிஞ்சின. ஒரே தளம் ஓர் உலாவியில் திறந்து இன்னொன்றில் திறக்காமல் போகும் விந்தைக்கும் சில வேளை இதுவே விளக்கம்: ஒன்று குவிக்கில் பேசுகிறது, மற்றொன்று டிசிபியில்.

உறுதிசெய்வதற்குப் பிங் இங்கே உண்மையாகவே பயன்படுகிறது. பிரிக்கக் கூடாது என்ற குறியுடன் 1472 பைட்டுச் சுமையை அனுப்ப வேண்டும்; தலைப்புகளுக்கான 28 சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல் 1464 போனால் பாதையின் அளவு 1492. இந்தச் சோதனையில் தோல்வியின் தன்மையையும் கவனிக்க வேண்டும். பொட்டலத்தைப் பிரிக்க வேண்டியிருக்கிறது என்று தெளிவான பதில் வந்தால் அது ஆரோக்கியமான தோல்வி. எவரோ நமக்கு அளவைச் சொல்லிவிட்டார்கள். பதிலே இல்லாமல் நேரம் கடந்தால் அந்தப் பக்கத்தில் கருந்துளை இருக்கிறது. என் வீட்டிலிருந்து வெளியே செல்லும் திசையில் தெளிவான பதில் வந்தது. இந்தச் சோதனை வெளியே செல்லும் திசையில் கிடைக்கும் எச்சரிக்கையைத்தான் காட்டும். வெளியிலிருந்து உள்ளே வரும் திசையில் சர்வருக்கு எச்சரிக்கை கிடைத்ததா என்பதை அது சொல்லாது. அதனால் மடிக்கணினியின் எம்டியு அளவை மட்டும் 1492 என்று குறைத்துவிட்டு, ரூட்டரைத் தொடாமல் அதே தளங்களைத் திறந்தேன். எல்லாம் திறந்தன. பக்கத்தில் இருந்த டேப்லெட்டில் அவை இன்னும் திறக்கவில்லை. இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பதரிது.

நிரந்தரத் தீர்வை ரூட்டரில் செய்ய வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியிலும் எண்ணை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. வெளியே செல்லும் இணைப்பின் எம்டியு 1492 என்று இருக்கிறதா என்று பார்த்து, எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்ற வசதியை இயக்க வேண்டும். கணினி 1460 என்று அறிவிக்கும்போது ரூட்டர் நடுவில் புகுந்து அதை 1452 என்று திருத்தி அனுப்பிவிடும். சர்வர் முதலிலிருந்தே அளவாக அனுப்பும். பல ரூட்டர்களில் இது தானாகவே இயங்குகிறது. புதிதாக வந்த என் ரூட்டரில் அணைந்திருந்தது. சேவை நிறுவனமும் ரூட்டரும் இரண்டும் ஆதரித்தால் பிபிபிஓஇ வழியிலும் முழு 1500ஐக் கொண்டுசெல்ல 2006இல் ஒரு நீட்டிப்பு வகுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதைத் தொலைபேசியில் கேட்டு விளக்கம் பெறுவதற்கு நிறையப் பொறுமை வேண்டும்.

நம் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியே திருப்பிவிடும் விபிஎன்னை இயக்கினால் திறக்கிறது, ஆகவே சேவை நிறுவனம்தான் தளத்தைத் தடுத்திருக்கிறது என்ற வாதத்தை நான் அடிக்கடி கேட்கிறேன். என் வீட்டிலும் விபிஎன்னில் அத்தளங்கள் திறந்தன. யாரும் எதையும் தடுக்கவில்லை. விபிஎன் என்பது பெயர்ச் சேவை, பாதை, நம் வெளி முகவரி, பொட்டலத்தின் அளவு ஆகிய நான்கையும் ஒரே சொடுக்கில் மாற்றிவிடுகிறது. வயர்கார்டு வகை விபிஎன்களில் வழக்கமான எம்டியு 1420 என்பதால், அளவுக் கோளாறு தானாகவே மறைந்துவிடும். எனவே விபிஎன்னில் திறப்பது, காரணம் இந்த நான்கில் ஒன்று என்பதற்கு மேல் எதையும் நிறுவுவதில்லை. வேண்டுமென்றே செய்யப்படும் தடைக்கு வேறு முகம் உண்டு: பொய்யான டிஎன்எஸ் பதில், தடை அறிவிப்புப் பக்கம், அல்லது தளத்தின் பெயரைத் தாங்கிய முதல் வணக்கம் சென்றவுடன் இணைப்பு வெட்டப்படுதல்.

முதல் வணக்கத்திலேயே நிற்கும் இன்னொரு வகையும் அண்மையில் சேர்ந்திருக்கிறது. எதிர்காலக் குவாண்டம் கணினிகளிடமிருந்து காக்கும் புதிய சாவிப் பரிமாற்ற முறையைக் குரோம் 2024இல் கணினிப் பதிப்பில் இயல்பாகவே இயக்கியது. அதற்கான சாவி மட்டுமே 1184 பைட்டு என்பதால், முன்பு ஒரே பொட்டலத்தில் அடங்கிய முதல் வணக்கம் இப்போது இரண்டாகப் பிரிகிறது. அதை எதிர்பாராத சில பழைய சர்வர்களும் ஃபயர்வால்களும் முதல் துண்டை மட்டும் படித்துவிட்டுக் குழம்புகின்றன. புதிய உலாவியில் திறக்காத தளம் பழைய நிரலில் திறந்தால் இதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

தளமே நம்மை மறுக்கும் நிலை தனி. ஐபிவி4 முகவரிகள் பற்றாததால் சேவை நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே வெளி முகவரியின் பின்னால் நிறுத்துகின்றன, இதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரித் தொகுதி 2012இல் ஒதுக்கப்பட்டது. ரூட்டரின் வெளி முகவரி அந்த எல்லைக்குள் இருந்தால், முன்பின் அறியாத பலருடன் நாம் முகவரியைப் பகிர்ந்துகொள்கிறோம். அவர்களுள் ஒருவரது கணினி எங்கோ தொல்லை கொடுத்திருந்தால் தண்டனை எல்லாருக்கும். தனி முகவரி கேட்டுப் பெறுவதைத் தவிர வீட்டிலிருந்து செய்யக்கூடியது அதிகம் இல்லை.

சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பார்த்தால் போதும். மின்கலம் தீர்ந்து கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் சென்றிருந்தால் எந்தச் சான்றிதழும் செல்லாது. தேதி சரியாக இருந்து கருவி மிகப் பழையது என்றால், மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையாக அது நம்பும் வேர்ச் சான்றிதழ்கள் காலாவதியாகியிருக்கலாம். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த ஒரு பழைய வேர்ச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று முடிந்தபோது, புதுப்பிக்கப்படாத பல கருவிகளில் அச்சேவையைப் பயன்படுத்திய தளங்கள் மட்டும் திறக்காமல் போயின.

என் ரூட்டரில் ஒரு வேலை மிஞ்சியிருந்தது. எம்எஸ்எஸ் கிளாம்பிங்கை இயக்கிய பிறகும் நூலகத்தின் பட்டியல் பக்கம் சில வேளைகளில் தயங்கியது. கர்ல் கொண்டு பிரித்துப் பார்த்தபோது ஐபிவி4இல் உடனே திறந்த பக்கம் ஐபிவி6இல் பழையபடி மௌனமாக நின்றது. ஐபிவி6இன் தலைப்பு 40 பைட்டு என்பதால் அங்கே தேவையான எண் 1432. அதற்கான அமைப்பு வேறொரு பக்கத்தில் தனியே இருந்தது. அதையும் இயக்கியபின் தயக்கம் நீங்கியது. ரூட்டரின் மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது இவ்விரு அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பிவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் அந்த நூலகப் பக்கத்தை இரண்டு முறைகளிலும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்கிறேன்.